அல்சைமர் மரபணு: யாரை எண்ணிப் போட்ட கணக்கு?

மறதி நோய் பற்றிப் பேச்சு வந்தால் நம் வடசென்னையில் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்பது ஒன்று. "அவங்க ஆயாவுக்கு இருந்திச்சு, அம்மாவுக்கும் வந்திடுச்சு, ரத்தத்திலேயே இருக்கு" என்பது இன்னொன்று. இப்போது செல்போனில் மூன்றாவதும் சுற்றுகிறது. ஒரு மரபணு இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு 12 மடங்காம், எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் சொல்லிவிடுவார்களாம்.

முதல் பேச்சு தவறு. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதில் வரும் எண் உண்மையான ஆய்வுகளிலிருந்து எடுத்ததுதான். ஆனால் அந்த ஆய்வுகளில் யாரை எண்ணினார்கள் என்பதைப் பகிர்பவர்கள் யாரும் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த எண்ணைப் படித்தால் வீண் பயமோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும்.

மறதியும் நோயும்

காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் விற்ற ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். நேற்று வந்த வாடிக்கையாளரின் பெயர் அவருக்கு நினைவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று குழம்புகிறார், பழகிய தெருவிலேயே வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் நிற்கிறார், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் அது வயதால் மட்டும் வருவதில்லை.

நினைவும் பேச்சும் கணக்கும் முடிவெடுக்கும் திறனும் தேய்ந்து, அன்றாட வேலையே முடியாமல் போகும் நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அதை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றில் முதலிடம் அல்சைமருக்கு. டிமென்ஷியா வந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அதுதான் காரணம். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 55 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். மூளைச் செல்களுக்கு வெளியே ஒருவிதப் படிவும், செல்களுக்கு உள்ளே முறுக்கிய இழைகளும் தெரிந்தன. வெளியே சேர்வது அமிலாய்டு என்ற புரதம், உள்ளே முறுக்கிக்கொள்வது டௌ என்ற புரதம். அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே இந்தச் சேர்க்கை தொடங்கிவிடுகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவையும் டிமென்ஷியா போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசாயிடுச்சு" என்று வீட்டிலேயே விட்டுவிட்டால் இந்த வாய்ப்பும் கைநழுவிப் போகும்.

மரபணு இரண்டு விதமாக வேலை செய்கிறது

நம் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதிக்கு மரபணு என்று பெயர். ஆளுக்கு ஆள் அதில் ஓரிரு எழுத்துகள் மாறியிருக்கும். அதை மாறுபாடு என்போம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று.

"ரத்தத்திலேயே இருக்கு" என்ற பேச்சு முழுமையாகப் பொருந்தும் குடும்பங்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. ஏ.பி.பி., பிரிசெனிலின்-1, பிரிசெனிலின்-2 என்ற மூன்று மரபணுக்களில் ஒன்றில் குறிப்பிட்ட மாறுபாடு இருந்தால், பெரும்பாலும் 65 வயதுக்குள்ளாகவே, பலருக்கு நாற்பதுகளிலேயே நோய் வந்துவிடும். பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. உலகில் அல்சைமர் வந்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட இந்த வகையில் இல்லை.

இந்த வகைக்கு உலகிலேயே பெரிய குடும்பம் கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் இருக்கிறது. ஃபிரான்சிஸ்கோ லோபெரா என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் அவர்களோடு இருந்து ஆராய்ந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணிக்கு மட்டும் நாற்பதுகளில் வரவேண்டிய நோய் எழுபது வயது கடந்தும் லேசான அளவில்தான் இருந்தது. 2019இல் காரணம் வெளிவந்தது. அபோ-ஈ என்ற இன்னொரு மரபணுவில் அவருக்கு இரண்டு பிரதியிலும் ஓர் அரிய மாறுபாடு இருந்தது. தப்பவே முடியாது என்று நினைத்த நோயையே ஒரு மாறுபாடு முப்பது வருடம் தள்ளிப்போட்டிருக்கிறது. நோயைத் தள்ளிப்போட மருந்து தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய தடயம் கிடைப்பது அரிது. அது கிடைத்தது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அல்ல, கொலம்பியாவின் ஒரு மலைப்பகுதிக் குடும்பத்தில். ஆராய்ச்சி எல்லா மக்களிடமும் போகவேண்டும் என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

மற்ற பெரும்பான்மையினருக்கு 65 வயதுக்கு மேல் வரும் அல்சைமரில் மரபணு நோயை முடிவு செய்வதில்லை, வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. நாம் தெருவில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான். ஆயாவுக்கும் அம்மாவுக்கும் எழுபதுக்கு மேல் வந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுதல், அவ்வளவுதான். கட்டாயம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை பார்த்தது: அல்சைமர் டிமென்ஷியாவின் முக்கியக் காரணம். மிகச் சிலருக்கு மரபணுவே நோயை உண்டாக்குகிறது. மற்றவர்களுக்கு அது வாய்ப்பை மட்டும் மாற்றுகிறது.

அந்த 12 மடங்கு எங்கிருந்து வந்தது

வாய்ப்பை மாற்றும் மரபணுக்களில் பெரியது அபோ-ஈ. ரத்தத்திலும் மூளையிலும் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தைச் செய்வது இதன் வேலை. இதில் ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை உண்டு. உலகில் பெரும்பாலானவர்களுக்கு ஈ3. ஈ4 இருந்தால் மூளையில் சேரும் அமிலாய்டு சரியாக அகற்றப்படுவதில்லை. ஈ2 ஓரளவு பாதுகாப்பு தருகிறது. ஈ4க்கும் அல்சைமருக்கும் தொடர்பு உண்டு என்று 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

1997இல் பல ஆய்வுக் குழுக்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. இரண்டு பிரதியும் ஈ3 ஆக உள்ளவரோடு ஒப்பிட்டால், இரண்டு பிரதியும் ஈ4 ஆக உள்ளவருக்கு வாய்ப்பு எத்தனை மடங்கு என்று அதில் பார்த்தார்கள். வெள்ளையர்களிடம் ஏறக்குறைய 15 மடங்கு, ஜப்பானியர்களிடம் 33, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 6க்குக் கொஞ்சம் குறைவு, அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிய மக்களிடம் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர் உள்ளவர்கள்) 2க்குக் கொஞ்சம் மேல். மரபணு அதே மரபணு, வகையும் அதே வகை. அதன் பலம் மட்டும் மக்களுக்கு மக்கள் இவ்வளவு மாறுகிறது. இந்த நான்கு பிரிவில் இந்தியர்கள் என்று ஒரு பிரிவே இல்லை என்பதையும் கவனியுங்கள். செல்போனில் வரும் "12 மடங்கு" இப்படிப்பட்ட வேறு கணக்குகளில், இரண்டு பிரதியும் ஈ4 ஆக உள்ள ஐரோப்பிய வம்சாவளியினருக்கு வந்த எண்தான். வம்சாவளி என்று இங்கே சொல்வது, ஒருவரின் முன்னோர்கள் பல தலைமுறைகளாக உலகின் எந்தப் பகுதியில் வாழ்ந்தார்கள் என்பதை.

"மடங்கு" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சிறிய வாய்ப்பு மூன்று மடங்கானாலும் சிறிய வாய்ப்பாகவே இருக்கலாம். ஈ4 இருந்தும் தொண்ணூறு வயதுவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. ஈ4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய.

மணிக்கூண்டை வைத்து வீடு தேடுவது

சரி, ஒரே மரபணு ஏன் இப்படி மாறி மாறி நடந்துகொள்கிறது? இதற்கு ஆராய்ச்சியாளர்கள் மரபணுவை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

நோய் வந்த ஆயிரக்கணக்கானவர்களையும் வராத ஆயிரக்கணக்கானவர்களையும் எடுத்து, டி.என்.ஏ.வில் லட்சக்கணக்கான இடங்களில் எழுத்துகளை ஒப்பிடுவார்கள். நோயாளிகளிடம் ஓர் எழுத்து அதிகம் தென்பட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதை முழுத்தொகுதித் தேடல் என்று சொல்லலாம். குறித்துக்கொண்ட எழுத்தே குற்றவாளி என்று அர்த்தமில்லை. குற்றவாளி பக்கத்தில் எங்கோ இருக்கிறது, இரண்டும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே இறங்கி வந்திருக்கின்றன, அவ்வளவே.

நம் ஊரில் வீட்டுக்கு வழி சொல்வது இப்படித்தான். கதவு எண் யாருக்கும் நினைவிருக்காது. "மணிக்கூண்டுகிட்ட இறங்கி, பின்னாடி மூணாவது சந்து, பச்சை கேட்டு" என்போம். மின்ட் மணிக்கூண்டில் இறங்கியவருக்கு அந்த வழி சரியாக வேலை செய்யும். அதே வழியை வைத்துக்கொண்டு ஒருவர் ராயப்பேட்டை மணிக்கூண்டில் இறங்கினால்? மணிக்கூண்டு இருக்கும், சந்தும் இருக்கும், பச்சை கேட்டுகூட இருக்கலாம். வீடு மட்டும் வேறு யாருடையதோ. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அடையாளத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பு ஓர் இடத்துக்கு மட்டும் உண்மை.

டி.என்.ஏ.விலும் அடையாள எழுத்துக்கும் குற்றவாளி எழுத்துக்கும் உள்ள நெருக்கம் மக்களுக்கு மக்கள் மாறும். ஐரோப்பியரிடம் குறித்த அடையாளம் ஆப்பிரிக்கரிடமோ தமிழரிடமோ வேறு சந்துக்குக் கூட்டிப்போகலாம். இப்படிப்பட்ட பல அடையாளங்களைக் கூட்டி "உங்கள் ஆபத்து மதிப்பெண் இவ்வளவு" என்று சொல்லும் பரிசோதனைகள் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குப் பலவீனமாக வேலை செய்வது இதனால்தான்.

வீட்டைச் சுற்றியுள்ள தெருவும் முக்கியம். அமெரிக்காவிலும் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலும் பலருக்கு ஆப்பிரிக்க, ஐரோப்பிய முன்னோர் இருவரும் உண்டு. 2018இல் வந்த ஓர் ஆய்வு அவர்களிடம் ஈ4 எந்த முன்னோரிடமிருந்து வந்த துண்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தது. ஆப்பிரிக்க முன்னோரிடமிருந்து வந்த துண்டில் இருந்தால் ஆபத்து குறைவு, ஐரோப்பிய முன்னோரிடமிருந்து வந்திருந்தால் கூடுதல். பிற்பாடு மூளைச் செல்களைப் பார்த்தபோது, ஐரோப்பியத் துண்டில் உள்ள ஈ4 அதிக அளவில் வேலை செய்வது தெரிந்தது. ஆளின் தோல் நிறம் அல்ல, மரபணுவைச் சுற்றியுள்ள எழுத்துகளே வித்தியாசத்தை உண்டாக்கின.

இந்தக் கோணம் இல்லாமல் தேடினால் சில மரபணுக்கள் கண்ணிலேயே படாது. ஏபிசிஏ7 என்ற மரபணு ஐரோப்பியரிடம் சின்ன அளவில்தான் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் அதன் பலம் கிட்டத்தட்ட ஈ4 அளவுக்கு வருவதாக 2013இல் கண்டார்கள். டிரெம்2 மரபணுவில் அதே ஆண்டு ஐஸ்லாந்து ஆய்வில் பேசப்பட்ட மாறுபாடு, கிழக்கு ஆசியாவில் கிட்டத்தட்டக் காணவே கிடைக்காது.

இவ்வளவு தெரிந்தும் தேடல் எங்கே நடந்தது என்று பாருங்கள். 2016இல் எடுத்த ஒரு கணக்கின்படி, உலகில் நடந்த முழுத்தொகுதித் தேடல்களில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். அல்சைமருக்காக 2022இல் நடந்த மிகப் பெரிய தேடல் 75 இடங்களைக் குறித்துக் கொடுத்தது. அருமையான வேலை. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்ததுதான்.

எல்லாமே மரபணுவா

இல்லை. இங்கே அவசரப்பட்டு "அந்த இனத்துக்கு இந்த நோய்" என்று பேசுவது ஆபத்து.

நைஜீரியாவின் இபாதான் நகரில் வாழும் யொருபா மக்களையும், அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் ஒரே முறையில் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இரு தரப்புக்கும் முன்னோர் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர். 2001இல் வந்த முடிவு: வருடத்துக்கு நூற்றில் 1.15 யொருபா முதியவருக்குப் புதிதாக அல்சைமர் வந்தது, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது 2.52. இரண்டு மடங்குக்கும் மேல். வம்சாவளி நெருக்கமாக இருந்தும் நோய் இப்படிப் பிரிகிறது என்றால் உணவு, உடல் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, வாழ்க்கை நெருக்கடி இவையெல்லாம் கணக்கில் வந்துதான் ஆகவேண்டும்.

ஈ4 யொருபாக்களிடம் அரிதும் அல்ல. நிறையப் பேரிடம் இருக்கிறது, ஆனால் நோயோடு அதன் தொடர்பு பலவீனம். இதை ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பல்லப்கரில் அல்சைமர் மிகக் குறைவாகத் தென்பட்டது. ஈ4 உள்ளவர்களும் அமெரிக்க ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. ஆனால் ஈ4 உள்ளவர்களிடம் நோயோடு அதன் தொடர்பு அமெரிக்காவில் கண்டதைப் போலவே இருந்தது. "நம்மகிட்ட அந்த ஜீன் கம்மி" என்பதும் "நம்மகிட்ட அந்த ஜீன் வேலை செய்யாது" என்பதும் வேறு வேறு. முதலாவது ஓர் ஊருக்கு ஆறுதல். ஈ4 உள்ள தனி மனிதருக்கு அது எதையும் மாற்றுவதில்லை.

சுருக்கமாக: ஒரு மாறுபாடு எத்தனை பேரிடம் இருக்கிறது, இருப்பவரிடம் எவ்வளவு பலமாக வேலை செய்கிறது, அவர் எப்படி வாழ்கிறார். இந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் பதிலை வைத்து இன்னொன்றைச் சொல்லக்கூடாது.

நம் தெருக்களில் எத்தனை வம்சாவளிகள்

"இந்தியர்" என்று ஒரே பிரிவாக எழுதிவிட்டால் போதுமா? வடசென்னைக்குள்ளேயே பாருங்கள். காசிமேட்டில் மீனவக் குடும்பங்கள், சௌகார்பேட்டையில் மார்வாடிகளும் குஜராத்திகளும், மண்ணடியில் தமிழும் உருதும் பேசும் முஸ்லிம்கள், பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர்கள், வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள், எல்லாப் பக்கமும் தெலுங்கு பேசுபவர்கள். ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி ஆலயம்கூட உண்டு. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலும் பெரும்பாலும் கல்யாணம் அவரவர் சமூகத்துக்குள்ளேதான், பலருக்குச் சொந்தத்துக்குள்ளேயே. பல நூறு ஆண்டுகள் இப்படியே நடந்தால், சில முன்னோர்களிடம் இருந்த அரிய மாறுபாடு ஒரு சமூகத்துக்குள் மட்டும் பெருகி நிற்கும்.

அல்சைமர் இல்லாத ஓர் எடுத்துக்காட்டு. கொத்தவால்சாவடி கன்னிகா பரமேஸ்வரி கோயிலைச் சார்ந்த ஆரிய வைசியர் சமூகத்தில், பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் ஒரு குறிப்பிட்ட மருந்து கொடுத்தால் மூச்சுத் தசை திரும்ப வேலை செய்ய வெகுநேரம் ஆகும். இது தெரிந்த மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டு வேறு மருந்துக்கு மாறிவிடுவார். ஒரு சமூகத்தை ஆராய்ந்தது அந்தச் சமூகத்தின் உயிரைக் காக்கிறது. யாரையும் தாழ்த்துவதற்கான தகவல் அல்ல இது.

நம் நாட்டிலும் வேலை தொடங்கியிருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக லாசி-டாட் என்ற தேசிய ஆய்வு கணக்கிட்டது. அதில் பங்கேற்ற 2,700க்கும் மேற்பட்டவர்களின் முழு டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டு 2025இல் முடிவுகள் வெளிவந்தன. ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 பேரின் டி.என்.ஏ. படிக்கப்பட்டு, தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராம மக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வருகிறது.

டி.என்.ஏ.வைப் படிப்பது பாதி வேலைதான். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று சரியாகப் பிரிக்காவிட்டால் மரபணுக் கணக்கு முழுவதும் பிசகிவிடும். வழக்கமான நினைவுப் பரிசோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், வடிவம் வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத காசிமேட்டு அம்மா அதில் தோற்றுப்போவார். ஏலக் கூடையின் விலையை மனதிலேயே பங்கு போடுபவரை "நோயாளி" என்று பதிவு செய்தால் நட்டம் அவருக்கு மட்டுமல்ல, ஆய்வுக்கும்தான். பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தனியாக இந்தியில் ஒரு பரிசோதனை வடிவமைத்த பிறகே ஆய்வைத் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் மரியாதை உள்ள வேலை அது.

அப்போ எச்சில் டெஸ்ட் எடுக்கலாமா

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அபோ-ஈ பரிசோதனையை மருத்துவ வழிகாட்டுதல்கள் வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. ஈ4 என்று வந்தால் நோய் வரும் என்று சொல்ல முடியாது, இல்லை என்று வந்தால் வராது என்றும் சொல்ல முடியாது. நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ நோய் வந்தவர்கள் குடும்பத்தில் பலர் இருந்தால் கதை வேறு. அப்போது மரபியல் ஆலோசகரைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுக்கலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் இந்தப் பரிசோதனைக்கு இப்போது முக்கியத்துவம் வந்திருக்கிறது. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் அது தேய்மானத்தைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. ஆனால் அதன் முக்கிய ஆய்வில், இரண்டு பிரதியும் ஈ4 ஆக இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தென்பட்டது. ஈ4 இல்லாதவர்களில் அது இருபதில் ஒருவருக்குத்தான். அதனால் மருந்துக்கு முன் மரபணுவைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மரபணுவை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை நிறைய. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, தனிமை, சிறுவயதில் படிப்பு கிடைக்காமை எல்லாம் அதில் உண்டு. காற்று மாசும் உண்டு. எண்ணூர், மணலி பக்கம் வாழ்பவர்களிடம் "மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அது அரசும் ஆலைகளும் செய்யவேண்டிய வேலை. ஆனால் பி.பி., சர்க்கரை மாத்திரையை விடாமல் போடலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். காது மந்தமான தாத்தாவைச் சத்தமாகப் பேசியே சமாளிக்காமல் காது மருத்துவரிடம் கூட்டிப்போகலாம்.

நாளை யாராவது உங்கள் தெருவுக்கு வந்து ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால் பயந்து கதவைச் சாத்த வேண்டாம், கேட்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எதற்காக எடுக்கிறார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், முடிவை உங்களுக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே மறதி நோய் உள்ளவரிடம் கேட்டால், அவர் சார்பாகப் பேசும் பொறுப்பான ஒருவர் கூடவே உட்கார வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விலகினீர்கள் என்பதற்காக மருத்துவமனையில் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது.